பதினாலாம் நம்பர் கொட்டகை

முன்சக்கரம் உள்ளே போனது. அர்ச்சுனன் பிரேக்கைப் பிடித்தான், பிடித்திருக்கக் கூடாது. வண்டி ஒருபக்கமாகச் சாய்ந்து வாய்க்காலில் விழ, அவனும் கூடவே விழுந்தான். இடுப்பளவு உப்புத்தண்ணீர். கண் எரிந்தது. எழுந்ததும் சட்டைப்பையைத் தொட்டுப் போனை எடுத்தான். திரை கறுத்திருந்தது.

நாற்பத்தொரு வயதுவரை மரக்காணம் உப்பள வேலையை விட்டுப் போகாதவன் செய்கிற தப்பு இல்லை இது. கரை மேலே வெள்ளையாகப் பொருக்குத் தட்டியிருந்தால் அடியில் சேறு என்பது அவனுக்குத் தெரியும். அன்று மனசு வேறெங்கோ இருந்தது.

ஞாயிற்றுக்கிழமைகளில் இந்தக் கரை வழியாகத்தான் திரும்புவான். பாத்திகளுக்கு உப்புத்தண்ணீர் இறைக்கும் மோட்டார் அவன் பொறுப்பு. மோட்டார் கொட்டகையில் வண்டி ஓட்டும்போது போடும் கறுப்பு ஜாக்கெட்டைக் கழற்றி மறைப்பான். பதினாலு என்று எண் எழுதிய கொட்டகையின் நீலக் கதவின் முன்னால் வண்டியை நிறுத்தி, கிலோமீட்டர் காட்டும் மீட்டரை ஒரு படம் எடுத்து அனுப்புவான். பிறகுதான் வீடு.

படம் 'ஞாயிறு மைலேஜ்' என்ற வாட்ஸப் குழுவுக்குப் போகும். அதில் பதினோரு பேர். எல்லோரும் ஆண்களை விரும்பும் ஆண்கள். மூன்று நான்கு பேருக்குப் பெண்களையும் பிடிக்கும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் விடியலில் கிளம்பி, எங்காவது இட்லி தின்று, பயமில்லாமல் பேசிவிட்டுத் திரும்புவார்கள். கட்டுப்பாடு இரண்டே இரண்டு. யார் வீட்டுக்கும் யாரும் போகக்கூடாது. ஊர் சேர்ந்ததும் மீட்டர் படம் அனுப்ப வேண்டும். ஒருமுறை ஒருவர் விழுந்து தொடை எலும்பு முறிந்து கிடந்தது மற்றவர்களுக்குப் பன்னிரண்டு நாள் கழித்துத்தான் தெரிந்தது. என்ன உறவென்று சொல்லி யாரிடம் விசாரிப்பது? அன்றிலிருந்து வந்த பழக்கம். முகம் வேண்டாம், வார்த்தை வேண்டாம். எண் வந்தால் ஆள் பத்திரம்.

அன்று எண் போகவில்லை.

காலையில் டீக்கடையில் அவன்தான் பேச்சை எடுத்தான். "நாளைக்கு முருக்கேரிக்குப் பொண்ணு பாக்கப் போறோம். அக்கா முடிவு பண்ணிட்டாங்க."

கோட்டக்குப்பத்து ஜாபர் கிளாசைக் கீழே வைத்தார். பதினெட்டு வருடம் துபாயில் லாரி ஓட்டியவர், இரண்டு பெண்களுக்குத் தகப்பன். "எனக்குப் பொம்பளையும் புடிக்கும்ப்பா. என் பீவிக்கு எல்லாம் தெரியும். என் கத வேற. உனக்கு?"

குயிலாப்பாளையத்தில் விருந்தினர் விடுதி பார்த்துக்கொள்ளும் அருண்ராஜ் சும்மா இருந்திருக்கலாம். "அந்தப் பொண்ணுகிட்ட யாருண்ணா சொல்லுவா?" என்றான்.

"செத்துப் போயிட்டா எல்லாருக்கும் நிம்மதி," என்று சொல்லிவிட்டு அர்ச்சுனன் கிக்கரை உதைத்தான்.

வாய்க்காலில் நின்றபோது அந்த வார்த்தை நினைவில் இல்லை. வண்டியை எப்படித் தூக்குவது என்பதே கவலை. வடக்கே மேகம் திரண்டிருந்ததால், ஞாயிறென்றும் பாராமல் பாதி ஊர் உப்பு வாரிக் குவித்துத் தார்ப்பாய் மூடிக்கொண்டிருந்தது. முதலில் பார்த்தவள் பாஞ்சாலை.

"ஏ சரஸ்வதி! உன் தம்பி வண்டியக் குளிப்பாட்டுறான் பாரு!"

நாலு பெண்கள் உப்பு வாரும் பலகையைப் போட்டுவிட்டு வந்தார்கள். கயிறு கட்டி இழுத்தார்கள். "நாளைக்கு மாப்புள ஆகப்போறவன், இன்னிக்கே நலுங்கா? எனக்குப் பாஞ்சாலைன்னு பேரு வெச்சாங்க, அர்ச்சுனன் ஒருத்தன் கூட ஒழுங்கா அமையல," என்றாள் பாஞ்சாலை. எல்லோரும் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை. அவள் தம்பியின் ஜாக்கெட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். விழுந்தால் அடிபடாமலிருக்க முழங்கையில் திண்டு வைத்த அந்த ஜாக்கெட்டை அவள் இதற்குமுன் பார்த்ததில்லை.

வண்டி கரையேறுவதற்குள் ஒரு மணிநேரம் போயிருந்தது. அப்போதுதான் புல்லட் சத்தம் கேட்டது. இரண்டு வண்டிகள் கரைகளில் தடுமாறி வந்தன. முன்னால் வந்தவன் ஒவ்வொரு கொட்டகையிலும் நின்று, கையிலிருந்த போனையும் கதவையும் மாற்றி மாற்றிப் பார்த்தான்.

"பதினாலு! ஜாபர் பாய், நீலக் கதவு, இதான்!"

அருண்ராஜ். ஏழு வருடப் படங்களில் மீட்டருக்குப் பின்னால் ஓரமாக விழுந்திருந்த கதவையும் எண்ணையும் வைத்தே தேடி வந்திருக்கிறார்கள். அர்ச்சுனனைக் கண்டதும் வண்டிக்கு ஸ்டாண்டு போட மறந்து இறங்கினான். வண்டி சாய்ந்தது. அதை அவன் திரும்பிப் பார்க்கவில்லை.

"போட்டோ ஏன்ண்ணா போடல? காலைல இன்னா சொல்லிட்டுப் போன நீ? இன்னா சொல்லிட்டுப் போன?"

அழுதான். அர்ச்சுனனின் மணிக்கட்டைப் பிடித்தவன் விடவில்லை.

"யாருங்க நீங்கல்லாம்?" என்றாள் சரஸ்வதி.

ஜாபர் ஹெல்மெட்டைக் கழற்றினார். "வண்டி ஓட்டுறவங்கம்மா. ஒண்ணா ஓட்டுவோம்." பிறகு வண்டியைப் பார்த்துப் பதறினார். "யா அல்லா, உப்புத்தண்ணியா? நல்ல தண்ணி இருக்கா? சாயங்காலத்துக்குள்ள செயின் துரு புடிச்சிடும்."

நல்ல தண்ணீர் உப்பளத்தில் கிடையாது. குடிக்க வைத்திருந்த இரண்டு கேன்தான். சரஸ்வதி ஒன்றைத் தூக்கிவந்தாள். "நாங்க இன்னாத்தக் குடிக்கிறது?" என்று கேட்டபடியே பாஞ்சாலை மற்றவர்களைத் திரும்ப உப்பு வார ஓட்டிக்கொண்டு போனாள்.

ஜாபர் சீட்டைக் கழற்றினார். அருண்ராஜ் செயினைத் தேய்த்தான். சரஸ்வதி சொம்பு சொம்பாக ஊற்றினாள். நாலாவது சொம்பில், தலை நிமிராமல் கேட்டாள்.

"ஏழு வருசமா வேலைன்னு சொல்லிட்டு இவங்ககூடத்தான் போறியா?"

"ஆமாக்கா."

"காலைல இன்னா சொல்லிட்டு வந்த நீ?"

அவன் சொன்னான். சொம்பு நின்றது.

"நாளைக்கு நான் வரலக்கா," என்றான். "எனக்குப் பொண்ணுங்க மேல மனசு போனதே இல்ல. இந்தப் பொண்ணுன்னு இல்ல. எப்பவுமே. ஆம்பளைங்க மேலதான். அவள ஏமாத்த முடியாது."

ஜாபர் ஒரே நட்டை இறுக்கிக்கொண்டே இருந்தார். மேகம் பாத்திகளின் மேல் வந்துவிட்டது. சரஸ்வதி கேனைச் சாய்த்துச் சொம்பை நிரப்பினாள்.

"சக்கரத்தச் சுத்துடா. அந்தப் பக்கம் உப்பு அப்படியே இருக்குது."

சுற்றினான். ஊற்றினாள். கேன் காலியானதும் அருண்ராஜிடம் கை நீட்டினாள்.

"அது இன்னா போட்டோ? காட்டு."

அவன் விளக்கினான். அவள் படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தாள். எல்லாமே எண்கள்.

"இனிமே எனக்கும் அனுப்பச் சொல்லு," என்றாள். தம்பியைப் பார்த்துச் சொல்லவில்லை.

மறுநாள் திங்கட்கிழமை. சரஸ்வதி காலை ஏழு மணிக்கு முருக்கேரிக்குப் போன் செய்து வரவில்லை என்றாள். பெண்ணின் தகப்பனார் நீளமாகத் திட்டினார். போனைக் காதிலிருந்து சற்றுத் தள்ளிப் பிடித்துக் கேட்டு முடித்தாள். மதியம்வரை தம்பியோடு பேசவில்லை. ராத்திரி மழையில் ஒரு குவியல் கரைந்திருந்தது, மற்றவை தப்பின. பதினோரு மணிக்கு அருண்ராஜ் பஸ்ஸில் வந்து வண்டியின் ஸ்பார்க் பிளக்கை மாற்றினான். வண்டி ஆறாவது உதையில் கிளம்பியது. அர்ச்சுனனின் போன் உயிர்பெறவில்லை. சரஸ்வதியின் போனில் மீட்டரைப் படம் எடுத்து ஜாபருக்கு அனுப்பினார்கள், 61,482. ஓரத்தில் அவள் கட்டைவிரல் விழுந்திருந்தது. பிறகு மோட்டாரைப் போட அவன் கொட்டகைக்குப் போனான்.