பின்கொக்கி ஜாக்கெட்

எழுபதுகளில் எங்கள் பக்கத்தில் பாலே என்றால் கால் நுனியில் நின்று ஆடும் வெளிநாட்டு ஆட்டம் இல்லை. மாரியம்மன் நோம்பிக்கு வேனில் வந்து இறங்கி, விடிய விடியப் புராணக் கதை ஆடிவிட்டுப் போகும் மலையாளக் குழுவுக்குத்தான் அந்தப் பெயர். எங்கள் ஊர் கொழிஞ்சாம்பாறையில் கதைக்காக பாலே பார்த்தவர்கள் பாதிப் பேர், உடுப்புக்காகப் பார்த்தவர்கள் மீதிப் பேர். வெல்வெட்டும் ஜிகினாவும் புஸ்ஸென்று வைத்த கையும் மேடையில் மின்னிய மறுவாரம், துணிக்கடையில் ஜரிகை லேஸ் தேடினாலும் கிடைக்காது. பெண்கள் தெய்வத்தைக் கும்பிட்டுவிட்டு நாயகியின் சட்டையை மனதில் அளவெடுத்துக்கொண்டு வருவார்கள்.

அந்தச் சட்டை எங்கள் வீட்டுக்குள் வந்தது என் மனைவியின் தையல் மெஷின் வழியாக. ஒரு வருஷம் நாயகியின் உடுப்பு கிழிந்துபோனது. குழுவின் உடுப்புக்காரர் அதைத் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டை விசாரித்து வந்தார். இவள் அதைத் தைத்துக் கொடுத்ததோடு நிற்காமல் உள்ளும் புறமும் திருப்பிப் பார்த்துவிட்டாள். முன்பக்கம் முழுக்க ஜிகினா வேலை, நடுவில் திறப்பு வைத்தால் வேலைப்பாடு இரண்டாகிவிடும், அதனால் கொக்கிகள் முதுகில் இருந்தன. எங்கள் ஊர் ஜாக்கெட்டுகள் அதுவரை முன்கொக்கிதான். முதுகில் கொக்கி வைத்தால் போடுகிறவள் தானே மாட்ட முடியாது, இன்னொரு கை வேண்டும். மேடைக்குப் பின்னால் அந்தக் கை உடுப்புக்காரருடையது, ஆணுக்கும் பெண்ணுக்கும் அவரே மாட்டிவிடுவாராம். இதை அவளே சிரித்துக்கொண்டு என்னிடம் சொன்னாள். நான் சிரிக்கவில்லை.

அப்போது எனக்குக் கம்பம்மெட்டில் ஒரு ஏலக்காய்க் கடையில் சரக்குப் பார்க்கும் வேலை. மூட்டையின் வாயில் பருத்த பச்சைக் காயும் அடியில் சருகும் வைத்துக் கட்டிக்கொண்டு வருவார்கள். முழங்கை வரை கையை விட்டு அடிக்காயை எடுத்துப் பார்க்காமல் நான் எந்த மூட்டையையும் நம்பியதில்லை. முதலாளி அதற்குத்தான் சம்பளம் கொடுத்தார். மாதம் ஒருமுறை இரண்டு நாள் வீட்டுக்கு வருவேன். வரும்போது அந்தப் புத்தியைக் கடையிலேயே கழற்றி வைத்துவிட்டு வந்திருக்கலாம்.

ஒரு மாதம் வந்தபோது கொடியில் மெரூன் நிற ஜாக்கெட் ஒன்று காய்ந்துகொண்டிருந்தது. கொக்கிகள் முதுகில் இருந்தன. அக்குளில் சாயம் வெளுத்திருந்தது, ஆகவே ஒரு முறை இரண்டு முறை போட்டதல்ல. விசாரித்தேன். வருகிறவர்களுக்குக் காட்டத் தைத்தது என்றாள். அதுவும் பொய்யில்லை. துணிக்கடைக்காரரே என்னைப் பார்த்து, உங்கள் வீட்டில் போட்டிருக்கிற மாதிரி என் மகளுக்கும் வேண்டுமாம் என்றார். ஆனால் நான் இருந்த இரண்டு நாளும் அவள் அதைத் தொடவில்லை. அடுத்த மாதமும் அப்படியே. நான் இல்லாதபோது மட்டும் போடுகிற ஜாக்கெட்டை யார் மாட்டிவிடுகிறார்கள்?

வீட்டில் இவளையும் என் அம்மாவையும் தவிர ஆளில்லை. அவர்கள் இருவருக்கும் ஆகாது. நான் வந்திருக்கும்போது அம்மா மெஷின் சத்தத்தைக் குறை சொல்வாள். இவளிடம் எதுவும் சொல்ல வேண்டுமென்றால், பக்கத்தில் இவள் நிற்கும்போதே, "அவகிட்டச் சொல்லு" என்று என்னிடம் சொல்வாள். அதனால் அம்மாவைக் கணக்கிலேயே சேர்க்கவில்லை. அக்கம்பக்கத்துப் பெண்கள் காலையிலேயே காட்டு வேலைக்குப் போய்விடுவார்கள். மிச்சம் உடுப்புக்காரர்தான். கிழிந்த உடுப்புகளோடு அவர் இன்னும் இரண்டு தரம் வந்துபோனதாகவும் கேள்விப்பட்டேன். கொல்லங்கோட்டில் அவருக்கு உறவுக்காரர் வீடு இருக்கிறதாம். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். எனக்குப் பட்டப்பகலே இருண்டுபோயிருந்தது.

கம்பம்மெட்டில் ஒரு மத்தியானம், அறைக் கதவைச் சாத்திக்கொண்டு என் சட்டையை முன்பின்னாக மாற்றிப் போட்டு, முதுகில் பொத்தானை நானே மாட்டமுடியுமா என்று பார்த்தேன். கீழே இரண்டு மாட்ட முடிந்தது. மூன்றாவதற்குத் தோள்பட்டை பிசகிக்கொண்டது. ஆக, தானே மாட்டிக்கொள்ள வழியில்லை என்று எனக்கு நானே தீர்ப்பு எழுதினேன்.

வெகுகாலம் கழித்து ஒரு வாரப் பத்திரிகையில் அந்த வெளிநாட்டு பாலேயைப் பற்றிப் படித்தேன். அங்கேயும் சட்டைக்கு முதுகில்தான் வரிசையாகக் கொக்கியாம், மாட்டிவிடத் தனியாக ஆள் உண்டாம். கால் வேலை தெரியட்டும் என்று ஒரு ஆட்டக்காரி பாவாடையைக் கணுக்காலுக்கு மேலே ஏற்றியபோது ஊரே கூடிப் பேசியதாம். பிறகு பேசிய வீட்டுப் பெண்களே மேடை உடுப்பைப் பார்த்துப் பார்த்துத் தைத்துக்கொண்டார்களாம். பேசியவர்களில் என்னைப் போல எத்தனை புருஷன்மார் இருந்தார்கள் என்று அதில் போடவில்லை.

சட்டையை முன்பின்னாகப் போட்டுப் பார்த்ததற்கு அடுத்த தடவை ஊருக்கு வந்து, லீவு முடிந்து காலை ஆறு மணி பஸ்ஸில் பொள்ளாச்சிக்குக் கிளம்பினேன். பொள்ளாச்சியில் இறங்கியதும் பழனி பஸ்ஸில் ஏறாமல், கொழிஞ்சாம்பாறைக்குத் திரும்புகிற பஸ்ஸில் ஏறிவிட்டேன். வழியெல்லாம் உடுப்புக்காரரின் முகத்தை நினைத்துப் பல்லைக் கடித்தேன். ஒன்பது மணிக்குள் வீட்டின் பின்புறம் சேர்ந்து, திருடனைப் போல மாட்டுக்கொட்டகையை ஒட்டி வந்து ஜன்னலோரம் நின்றேன். நின்றது என் சொந்த வீட்டில்.

மெரூன் ஜாக்கெட்டின் முதுகு தெரிந்தது. அதில் கொக்கி மாட்டிக்கொண்டிருந்தது என் அம்மா.

"மூச்ச உள்ள இழு. மெசினு முன்னாலயே உக்காந்திருந்தா இப்புடித்தான்."

"நீங்க வெக்கற கொழம்புக்கு நானென்ன பண்றதுங்க அத்தை?"

அம்மா சிரித்தாள். அந்த வீட்டில் அம்மா அப்படிச் சிரித்து நான் கேட்டதேயில்லை. எனக்கு முதலில் வந்தது நிம்மதி. அது ஒரு நிமிஷம்கூட நிற்கவில்லை, ஜன்னலில் என் நிழல் விழ இருவரும் திரும்பிவிட்டார்கள். அம்மாவின் கை நின்றது.

"ஏனுங்க, பஸ்ஸு போயிருச்சுங்களா?" என்றாள் மனைவி.

கண்ணாடியை மறந்துவிட்டேன் என்றேன்.

"மூக்கு மேல இருக்குது," என்றாள் அம்மா. என்னை மேலும் கீழும் பார்த்தாள். பெற்றவளுக்குத் தெரியாதா? சமையலறைக்குப் போய்விட்டாள்.

நான் உள்ளே போய்க் கட்டிலில் உட்கார்ந்தேன். யாரென்று நினைத்து வந்தீர்கள் என்று அவள் கேட்டிருந்தால் சத்தம் போட்டாவது தப்பித்திருப்பேன். அவள் கேட்கவில்லை. நான்தான் வெட்கம்கெட்டு, நான் இருக்கும்போது ஏன் அதைப் போடுவதில்லை என்று கேட்டேன்.

"நீங்க இருக்கற ரெண்டு நாளும் அத்தை இந்த ரூமுக்குள்ள வரமாட்டாங்க. அப்ப யாருங்க மாட்டி உடுவாங்க? உங்களக் கேக்கலாம்னு மாசாமாசம் எடுத்து வெப்பேன். உங்க மூஞ்சியப் பாத்ததும் மறுக்கா மடிச்சு வெச்சுருவேன்."

குரலில் கோபமே இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். திரும்பி மெஷினில் நூல் கோக்கப் போனாள். முதுகில் மேல்கொக்கி ஒன்று மாட்டாமல் இருந்தது, என்னைப் பார்த்ததும் அம்மா விட்டது. நான் எழுந்து போய்க் கையை நீட்டினேன்.

அவள் விலகிக்கொண்டாள். முந்தானையைத் தோளைச் சுற்றி இழுத்துப் போர்த்திக்கொண்டு என்னைத் தாண்டிச் சமையலறைக்குப் போனாள்.

"அத்தை, மேல ஒண்ணு உட்டுப்போச்சுங்க" என்று அங்கிருந்து கேட்டது.