நான் காட்டிய ஓநாய்

உசிலம்பட்டி டூரிங் கொட்டகையில் மணலுக்குள் கையை விட்டால் முந்தின ஆட்டத்து வெற்றிலை எச்சில் விரலில் ஒட்டும். பீடிப் புகையும், படுதாவுக்குப் பின்னால் ஆண்கள் ஒதுங்கும் இடத்து நாற்றமும் சேர்ந்து மூக்கில் ஏறும். அங்கேதான் நான் வேட்டி மடிப்புக் கலையாமல் ஸ்டூல் மேல் நின்று, கையில் பிரம்போடு இங்கிலீஷ் படங்களுக்குக் கதை சொன்னேன். பகலில் பள்ளிக்கூட வாத்தியார். அந்தக் கொட்டகையிலேயே அசிங்கமானது எது என்று இப்போது கேட்டால், என் வாய் என்பேன்.

ஒரு வாரம் பெரிய படத்துக்கு முன்னால் ஒரு கார்ட்டூன் துண்டுப் படம் போட்டார்கள். வெள்ளைக்காரப் பிள்ளைகள் சின்ன வயதில் கேட்கும் கதைகளைக் கேலி செய்கிற படம். நூறு வருஷம் தூங்கிய ராஜகுமாரி, எழுப்ப வந்தவன் கன்னத்தில் ஓர் அறை விட்டுத் திரும்பிப் படுப்பாள். கிழவி வேஷம் போட்ட ஓநாய் பல்வலியில் அழும். எனக்குச் சிரிப்பு வந்தது. கல்லூரி வாசல் மிதித்த கர்வம். சனத்துக்கு மூலக்கதையே தெரியாது. யாரென்றே தெரியாத மாப்பிள்ளையைக் கேலி செய்தால் யார் சிரிப்பார்கள்? நான் மூலக்கதையைச் சொல்லி முடிப்பதற்குள் படம் நாலு வேடிக்கை தாண்டிப் போயிருந்தது.

"வாத்தியாரே, சிரிப்புப் படம்னு தண்டோரா போட்டுட்டேன். சனம் எழவு வீட்டுல உக்காந்த மாதிரில்ல இருக்கு? நாளைக்கும் இப்படின்னா வேற ஆளப் பாத்துக்கிருவேன்" என்றார் கொட்டகை முதலாளி.

கொட்டகைக்குள் கடலை விற்கிற பெண் ஒருத்தி இருந்தாள். புருஷன் இல்லாதவள். முன்பற்கள் இரண்டும் உதட்டுக்கு வெளியே நிற்கும். இடைவேளையில் எனக்கு ஒரு டம்ளர் சுக்குத் தண்ணீர் கொண்டுவருவாள். "கத்திக் கத்தித் தொண்டை புண்ணாப் போயிருக்கும், குடிங்கய்யா" என்பாள். மறுநாள் கூடையை ஓரமாக வைத்தாள். "சிரிப்புப் படமாம்ல? இன்னைக்கு நானும் உக்காந்து பாக்கப் போறேன்" என்று சொல்லிவிட்டுப் பெண்கள் பக்கம் முன்வரிசையில் போய் உட்கார்ந்தாள்.

ஓநாய் முக்காட்டை விலக்கிப் பல்லைக் காட்டியது. கொட்டகை கம்மென்று இருந்தது. சனத்துக்குத் தெரிந்த முகம் ஒன்று எனக்கு வேண்டியிருந்தது. பிரம்பால் திரையைத் தட்டினேன். "இது யாருன்னு தெரியுதா? நம்ம கடலைக்காரம்மாதான்! பல்லப் பாருங்கப்பா!"

கொட்டகை அதிர்ந்தது. ஒருவன் வாயில் வெற்றிலைச் சாறு வழிய எழுந்து, அவள் பக்கம் திரும்பி ஊளையிட்டான். திரை வெளிச்சத்தில் அவளைப் பார்த்தேன். அவளும் பல் தெரியச் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். பிறகு முந்தானையை எடுத்து வாயை மூடினாள். கூடையைத் தூக்கிக்கொண்டு வெளியே போனாள்.

அதோடு நிறுத்தியிருந்தால் வாய் தவறிவிட்டது என்று சொல்லிக்கொள்ளலாம். முதலாளி முதுகில் தட்டிக் கொடுத்தார். அந்த வாரம் முழுக்க, ஒவ்வோர் ஆட்டத்திலும், அதையே சொன்னேன். எனக்கு முன்னாலேயே சனம் "கடலைக்காரி!" என்று கத்தியது. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நான் கெடவில்லை; என் வாயால் கெட்டது அவள் பிழைப்பு. கடலை வாங்குவதை விட்டுவிட்டு ஊளையிட்டார்கள். அவள் வருவதை நிறுத்திக்கொண்டாள். த்தூ, நானும் ஒரு வாத்தியார்.

இரண்டு மாதம் கழித்து மாட்டுச் சந்தையில் எதிரே வந்தாள். தலையில் சாணிக் கூடை, வாயை மூடிய முந்தானை. நான் ஒதுங்கிப் போகப் பார்த்தேன். அவளே நின்றாள்.

"வாத்தியாரய்யா, தொண்டை எப்படி இருக்கு?" என்று துணிக்குள்ளிருந்து கேட்டாள். கொஞ்சம் தயங்கி, "நாந்தான் முடிவு பாக்காமப் போயிட்டேன். அந்த ஓநாயக் கடேசில என்ன செஞ்சாக?" என்றாள்.

படத்தில் ஊரே கூடி அதன் பல்லை உடைத்து விரட்டும்.

"நல்லபடியா வீடு போய்ச் சேந்துருச்சும்மா" என்றேன்.

"சரிங்கய்யா" என்று தலையாட்டினாள். முந்தானையை மட்டும் வாயிலிருந்து எடுக்கவே இல்லை.