வராது என்று சொல்லாதவர்

ஜெஸீமாவின் தங்கை கல்முனையிலிருந்து அழைத்தபோது நான் தம்பிலுவிலில், வீட்டுக் கிணற்றடியில் உடுப்புத் துவைத்துக்கொண்டிருந்தேன். "சாந்தி அக்கா, றாத்தா மவுத்தாகிட்டாங்க. அஸருக்குப் பிறகு அடக்கம்" என்றார். ஜெஸீமா இறந்துவிட்டார்; பின்னேரத் தொழுகைக்குப் பிறகு அடக்கம். ஈரக் கையோடு பஸ் ஏறினேன்.

இதை வாசிப்பவர்களில் அவரோடு பாறை தட்டியவர்கள் இருப்பீர்கள்; அவரை வாய்விட்டுத் திட்டியவர்களும் இருப்பீர்கள். எல்லோருக்குமாகத்தான் எழுதுகிறேன்.

நாங்கள் இருவரும் நிலவியல் படித்து ஒரே அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். அவருடைய ஆர்வமெல்லாம் மலைகள். யுத்தம் சற்று ஓய்ந்திருந்த சமாதான காலத்தில் மகாஓயாப் பக்கம் வெந்நீர் ஊற்றுகளைப் பார்க்கப் போனோம். ஓடைக்கரையில், மாவைப் பிசைந்து இழுத்ததுபோல வரிவரியாக நசுங்கிய பாறை கிடந்தது. ஜெஸீமா அதன்மேல் உள்ளங்கையை வைத்தார். "இதுல ரெண்டு நிலம் முட்டியிருக்கு, சாந்தி. இமயம் மாதிரி ஒரு மலை இஞ்ச நிண்டிருக்கும். மழையும் வெயிலும் திண்டு, அதுட வேர் மட்டும்தான் மிச்சம்." அம்பாறையின் வயல்வெளியை அதன்பின் என்னால் வெறும் சமதரையாகப் பார்க்க முடியவில்லை.

அன்று திரும்பிவந்து, கடற்கரை வீதியில் உம்மாவோடும் கணவரோடும் அவர் இருந்த வீட்டில் சாப்பிட்டோம். சோறு போட்டுக்கொண்டே அவருடைய உம்மா கேட்டார்: "நிலம் முட்டுற, பிளக்கிற எண்டு கதைக்கிறீங்களே, எங்கட ஊருக்கு ஒண்டும் வராதே?"

ஜெஸீமா சிரித்தார். "வராது உம்மா. நிலத்தட்டுகள் முட்டுற விளிம்பெல்லாம் கடலுக்கு அங்கால, சரியான தூரம்."

நானும் தலையாட்டினேன். எங்களுக்குக் கற்பித்ததும் அதுதான்.

அடுத்த மார்கழியில் அந்தத் தூர விளிம்பு முறிந்தது. கடலடி மேலெழும்பித் தள்ளிய நீர், காலையில் எங்கள் கரைக்கு வந்தது. ஜெஸீமா அன்று கண்டியில் இருந்தார். உம்மாவையும் கணவரையும் அடக்கிய பிறகுதான் அவரால் ஊர் வந்துசேர முடிந்தது. நான் கட்டிப்பிடித்தபோது அவர் அழவில்லை. "வராது எண்டு சொன்னன், சாந்தி" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார்.

சில மாதங்களில், வீடுகளைத் திரும்பக் கட்டுவது பற்றி ஊர்ப் பெரியவர்கள் கூட்டம் வைத்தார்கள். "நீங்க படிச்ச ஆள், மகள். இனி எங்கட காலத்தில வராது எண்டு ஒரு வார்த்தை சொல்லுங்க. சனம் நிம்மதியா உறங்கும்" என்றார் ஒருவர்.

"அப்பிடிச் சொல்ல ஏலா" என்றார் ஜெஸீமா.

"அப்ப எப்ப வரும்?"

"அதுவும் தெரியா."

பின்வரிசையிலிருந்து ஒரு மீனவர் எழுந்தார். "தெரியாத ஆள் ஏன் பயங்காட்டுறீங்க? வேற காணி இல்லாத சனம் எங்க போற?"

பலரும் பழைய இடத்திலேயே கட்டினார்கள். ஜெஸீமாவும் தன் உம்மாவின் வளவில் ஓர் அறை கட்டிக் குடியேறினார். எனக்குக் கோபம் வந்தது. ஏன் என்று கேட்டதற்கு, "இஞ்ச இருந்து சொன்னாத்தான் கேப்பாங்க" என்றார்.

யுத்தம் முடிந்த செய்தி வந்த அன்று சந்தியில் பட்டாசு வெடித்தது. நான் அவர் வீட்டில் இருந்தேன். எங்கள் உறவில் சிலர் எங்கே என்று தெரியாத நேரம் அது. ஜெஸீமா கதவைச் சாத்திவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "சத்தம் நிண்டா அமுக்கம் விட்டுட்டெண்டு அர்த்தமில்ல" என்றார். பாறையைப் பற்றித்தான் சொல்கிறாரா என்று நான் கேட்கவில்லை.

அதற்குச் சில வருடங்களின் பின், ஒரு பின்னேரம் நிலம் லேசாக அசைந்தது. வானொலி எச்சரித்தது. ஜெஸீமா செருப்பும் போடாமல் வீதியில் இறங்கி வீடு வீடாகக் கதவைத் தட்டினார். கூட்டத்தில் எழுந்து கேட்ட அந்த மீனவர், படுக்கையில் கிடந்த தன் தாயை விட்டு வரமாட்டேன் என்று நின்றிருக்கிறார். "கால நீங்க பிடிங்க, தலய நான் பிடிக்கிறன்" என்று இவர் உள்ளே நுழைந்துவிட்டார். இருவருமாகக் கிழவியை வயற்கரைவரை தூக்கிப் போனார்களாம். ஜெஸீமாவின் மரண வீட்டில் அந்த மனிதரே இதை என்னிடம் சொல்லி அழுதார்.

அன்று கடல் வரவில்லை. மறுநாள் சந்தியில் 'சுனாமி மிஸ்' என்று ஜெஸீமாவைக் கேலி செய்தார்கள். அவருக்குக் கோபம் வரவில்லை, பயம்தான் வந்தது. "இந்த முறை பாறை பக்கவாட்டா வழுக்கியிருக்கு, சாந்தி. தண்ணியத் தூக்கல்ல. அதாலதான் தப்பினம். சனம் அதப் பாக்காது. ஓடினது வீண் எண்டு நினைக்கும். அடுத்த முறை ஓடாது."

இமயத்தை இன்றும் உயர்த்திக்கொண்டிருக்கும் அதே நகர்வுதான் கிழக்கே அந்தக் கடலடி விளிம்பையும் அமுக்கிக்கொண்டிருக்கிறது. அது ஓய்வதில்லை. எங்கள் இருவருக்கும் அது தெரிந்திருந்தது.

அதன்பின் என்னையும் இழுத்துக்கொண்டு, கரையிலிருந்து வயல்வரை போகும் குறுகிய ஒழுங்கைகளில் ஒவ்வொன்றாக நடக்கத் தொடங்கினார். கடல் வந்தால் ஓடும் வழியை மறித்து வேலியோ கற்குவியலோ கண்டால் அந்த வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் கதைப்பார். திட்டு வாங்குவார். மறுமுறையும் போவார். நோய் படுக்கையில் போடும்வரை அது நிற்கவில்லை.

அடக்கத்துக்காக ஜனாஸாவைத் தூக்கிப்போன பிறகு, பெண்கள் உள்ளே ஓதிக்கொண்டிருக்க, நான் தனியே அந்த ஒழுங்கைகளில் நடந்தேன். கடல் அசைவில்லாமல், எண்ணெய் ஊற்றியதுபோலக் கிடந்தது. ஓர் ஒழுங்கை அடைபட்டிருந்தது. வயலுக்குத் திறக்கும் இடத்தில் புது மதில். சீமெந்து இன்னும் காயவில்லை.

ஜெஸீமாவிடமிருந்து நான் வைத்துக்கொள்வது இந்த நடையையும், பிறர் வெறுத்தாலும் போய்க் கூப்பிடும் அந்தப் பிடிவாதத்தையும்தான். அந்த மதில் வீட்டின் படலையைத் தட்டினேன்.

"ஆரு?" என்றது உள்ளிருந்து ஒரு குரல்.

"ஜெஸீமாட கூட்டாளி" என்றேன். "இந்த மதிலப் பத்திக் கொஞ்சம் கதைக்கோணும்."