மீனில்லாத தொட்டிக்குத் தீனி

மீனே இல்லாத தொட்டிக்கு மீன்தீனி போடுகிறவனை என்னவென்று சொல்வது? சின்னவேடம்பட்டியில் எழிலைப் பற்றித்தான் அப்படிப் பேச்சு. எதிர்வீட்டு ஹுமேரா அக்கா ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு நேரிலேயே கேட்டுவிட்டாள்.

"ஏனுங்க தம்பி, உள்ள மீனே காணோமே, யாருக்குங்க அந்தத் தீனி?"

அவள் சிரிக்காமல் கேட்டதுதான் அவனுக்குப் பெரிய எரிச்சல். நக்கலாகக் கேட்டிருந்தால் பதிலுக்கு ஒன்று கொடுத்திருக்கலாம். 'ங்க' போட்டுக் கேட்டவளுக்கு 'ங்க' போட்டுத்தானே சொல்லியாக வேண்டும்?

"தண்ணிக்குங்க அக்கா."

"தண்ணிக்கா!" என்று வாயைப் பொத்திக்கொண்டு போனாள். பொழுது சாய்வதற்குள் தெருவுக்கே தெரிந்துவிட்டது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

எழிலுக்கு முப்பத்தேழு வயது. கணபதிப் பக்கம் ஒரு பட்டறையில் பம்புக்கு வேண்டிய பாகங்களைக் கடைந்து தரும் சிஎன்சி மெஷின் ஓட்டுகிறான். அப்பா காட்டு வேலைக்குப் போய் அவனை ஐடிஐ படிக்க வைத்தார். அவன் வேலையில் சேர்ந்த கொஞ்ச நாளிலேயே போய்ச் சேர்ந்துவிட்டார். தங்கச்சியை ஒருத்தன் கையில் பிடித்துக் கொடுத்துவிட்டு, ஓட்டு வீட்டைக் கான்கிரீட் தார்சு வீடாக்கிவிட்டு, அப்புறம் நம்ம கல்யாணம் என்று இருந்தான். ஒவ்வொன்றாக முடித்து நிமிர்ந்து பார்த்தால் காதோரம் நரைத்துவிட்டது. கூடப் படித்தவனின் பிள்ளை பத்தாவது பரீட்சை எழுதுகிறது. விசேஷ வீடுகளில் "எப்பக் கண்ணு உன் கல்யாணச் சோறு?" என்று கேட்காத வாய் இல்லை. பந்திக்குப் பயந்தே அவன் மொய் எழுதின கையோடு கிளம்பிவிடுவான்.

கோபக்காரன் என்று பேர் வேறு. பட்டறையில் எவனாவது அவசரத்தில் அளவு பார்க்காமல் பீஸைக் கழற்றிவிட்டால் கூரை அதிரக் கத்துவான். கத்தி முடித்துவிட்டு அவனே டீயும் வாங்கிக் கொடுப்பான். டீ வாங்கிக் கொடுத்ததை யார் வெளியே சொல்கிறார்கள்?

போன வருஷம் முதல் தொட்டி வாங்கினான். "தண்ணிய ஊத்துங்க, மீன உடுங்க, அவ்வளவுதானுங்க" என்று கடையில் சொன்னதை நம்பி, வாங்கின அன்றைக்கே மீன்களை விட்டான். வேலை முடிந்து வந்து லைட்டைப் போட்டால் அத்தனையும் கண்ணாடிக்குப் பக்கத்தில் ஓடிவரும். அம்மா டிவிக்கு முன்னால் கண்ணயர்ந்திருக்கும் அந்த வீட்டில், அவன் வந்ததைக் கவனித்தது அந்த மீன்கள் மட்டும்தான். ஒரு வாரம் ஆகவில்லை, ஒவ்வொன்றாகச் செத்து மிதந்தன. அத்தனையையும் முருங்கை மரத்தடியில் புதைத்தான். வெளியே சொன்னால் சிரிப்பார்கள், கடைசி மீனுக்கு அவனுக்குக் கண்ணீரே வந்துவிட்டது.

அப்புறம்தான் படித்துத் தெரிந்துகொண்டான். மீனின் கழிவும் மிச்சத் தீனியும் தண்ணீரில் விஷமாகின்றன. அந்த விஷத்தைத் தின்று தீர்க்கக் கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் வேண்டும். நல்ல கிருமிகள். அவை ஃபில்டருக்குள் இருக்கும் பஞ்சில் குடியேறிப் பெருக வாரக்கணக்கில் ஆகும். அதுவரைக்கும் மீனை விடாமல், துளித் தீனியைப் போட்டு அழுக வைத்து அவற்றுக்குச் சாப்பாடு கொடுக்க வேண்டும். இதைத்தான் ஹுமேரா அக்காவிடம் "தண்ணிக்குங்க" என்றான். பாவம், வேறு எப்படிச் சொல்வான்?

இந்தத் தடவை மண் பரப்பி, செடி நட்டு, எல்லாம் முறையாகத்தான் செய்தான். செய்து என்ன? முதல் வாரமே செடியெல்லாம் வெந்த கீரையாகக் கரைந்தது. அடுத்து கண்ணாடி முழுக்கப் பழுப்பாக ஒரு பாசி. சோதனைக் குழாயில் தண்ணீரை எடுத்து மருந்தை ஊற்றிப் பார்த்தால் மஞ்சளாக இருக்க வேண்டியது பச்சையாக வரும். பச்சை என்றால் விஷம். மறுபடியும் பார்த்தால் மறுபடியும் பச்சை. ஒரு விஷம் இறங்கினால் அதிலிருந்து இன்னொரு விஷம் ஏறும், அதுவும் இறங்க வேண்டும். உப்புத்தண்ணி செடிக்கு ஆகாது என்று, குழாயில் எப்போதோ வரும் நல்லதண்ணியைப் பிளீச்சிங் வாடை போக டிரம்மில் பிடித்து வைப்பான். அம்மா மாசாணியம்மாளுக்கு அதைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வரும்.

"குடிக்கற தண்ணிய ஒன்னுமில்லாத தொட்டிக்கு ஊத்தறயே, உனக்கே நல்லா இருக்குதா? ரெண்டு மீன வாங்கி உட்டாத்தான் என்ன? வெறுந்தொட்டி ஊட்டுக்கு ஆகாது கண்ணு."

"பதறாத காரியம் சிதறாதும்மா. சும்மா இரு."

"நீ பதறாம இருந்து இருந்துதான் இப்பிடி நிக்கற," என்பாள். அவன் டிரம்மை மூடிவிட்டு நகர்ந்துவிடுவான்.

இப்படி இருக்கும்போதுதான் மேட்டுப்பாளையத்திலிருந்து ஒரு ஜாதகம் பொருந்தி வந்தது. பெண் பெயர் செவ்வந்தி. முப்பத்திரண்டு வயது. அங்கே ஒரு காய்கறி மண்டியில் பில் போடுகிறாள். எழில் இரண்டு முறை போனில் பேசினான். முதல் முறை பேச்சே வரவில்லை. இரண்டாவது முறை போனை வைக்க இரண்டு பேருக்குமே மனசில்லை. எத்தனையோ இடம் தட்டிப்போனவனுக்கு இது மட்டும் தட்டிப்போனால் தாங்காது என்று தோன்றிவிட்டது. பெண் வீட்டார் ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வீடு பார்க்க வருவதாக முடிவாயிற்று. பெண்ணும் வருகிறாளாம். "நான் இருக்கப்போற ஊட்ட நான் பாக்க வேண்டாமா?" என்று கேட்டாளாம். எழிலுக்கு அதுவும் பிடித்துப்போனது.

சனிக்கிழமை தண்ணீரைச் சோதித்தான். மஞ்சள்! இன்னொரு விஷமும் இல்லை. சோதனைக் குழாயைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பிடித்துப் பார்த்தான். இன்னும் ஒரு வாரம் இப்படியே நின்றால் மீன் விடலாம். வெகுநாளைக்கப்புறம் அன்றைக்கு அவன் சீட்டியடித்துக்கொண்டே குளித்தான்.

ஞாயிறு காலையில் பொள்ளாச்சியிலிருந்து வந்த தாய்மாமன் மயில்சாமியை அழைத்துவர உக்கடம் பஸ் ஸ்டாண்டுக்குப் போனான். கொப்பரைக் களத்தில் மேஸ்திரியாக இருக்கும் மனுஷன், ஊருக்கே கேட்கப் பேசுவார். கையில் ஒரு பாலித்தீன் பை, அதற்குள் இரண்டு தங்கமீன்கள்.

"வெறுங்கைய வீசிட்டு வருவனா மாப்ளே? ஜோடியா வாங்கியாந்தேன். வர்றவங்க கண்ணுக்கு நெறைவா இருக்கோணும்."

"இன்னைக்கு உடமுடியாதுங்க மாமா. அடுத்த வாரம்..." என்றான் எழில். மாமா காதிலேயே வாங்கவில்லை.

வீட்டுக்கு வந்தால் வாசல் தெளித்துப் பெரிய கோலம். வீடு கழுவி விட்டதில் தரை பளபளத்தது. கொடியில் துணிகளுக்கு நடுவே கிளிப் மாட்டி ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. எழில் பக்கத்தில் போய்ப் பார்த்தான். ஃபில்டர் பஞ்சு.

"அம்மா! இது என்ன?"

"அதா? அந்த டப்பாவுக்குள்ள கொழகொழன்னு சேறாட்ட இருந்துச்சு கண்ணு. நாலு பேரு வர்ற அன்னைக்கு நாத்தம் அடிக்கலாமா? சோப்புப் போட்டு நல்லாத் தேச்சுக் காயப்போட்டுட்டேன். பாரு, புதுசாட்ட ஆயிருச்சு."

பெருமையாகத்தான் சொன்னாள். எழிலுக்குத் தலைக்குள் என்னவோ அறுந்தது.

"அது சேறு இல்லம்மா! அதுதான் உசுரு! இத்தன நாளா நான் தீனி போட்டு வளத்ததே அதத்தான்!"

"அழுக்குக்கா தீனி போட்டே?" என்று மாமா வயிறு குலுங்கச் சிரித்தார். சிரித்துக்கொண்டே தொட்டிக்கிட்டப் போய்ப் பையின் ரப்பரைக் கழற்றினார். "அதெல்லாம் கெடக்குது உடு. மொதல்ல இதுகள உள்ள உடறேன்."

எழில் பாய்ந்து அவர் கையைப் பிடித்தான். "உடாதீங்க மாமா! செத்துப்போயிரும்! சொன்னாக் கேளுங்க, செத்துப்போயிரும்!"

கேட்டுக்கு வெளியே யாரோ செருமினார்கள். பெண்ணின் அப்பா வேலன், அவர் மனைவி, செவ்வந்தி, தரகர், நாலு பேரும் நின்றிருந்தார்கள். நல்ல காரியத்துக்கு வந்து வாசலில் கால் வைத்தவர்கள் காதில் விழுந்த முதல் வார்த்தை அது. அம்மாவின் முகம் செத்துவிட்டது.

காப்பி வந்தது, மிக்சர் வந்தது. பேச்சுத்தான் வரவில்லை. வேலன் வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டுத் தொட்டியிடம் வந்து நின்றார்.

"தொட்டி லட்சணமா இருக்குதுங்க. மீனுந்தான் வாங்கியாந்திருக்கீங்களே, பையிலயே வெச்சிருக்கறீங்க? நல்ல நேரந்தானுங்க, நம்ம கண்ணு முன்னாலயே உடுங்களே."

மரியாதையாகத்தான் சொன்னார். வரப்போகிற மாமனார் முதன்முதலாகக் கேட்கிற ஒன்று. அம்மா கண்ணால் கெஞ்சினாள். மாமா பையை நீட்டினார். விட்டுவிட்டால் என்ன? இரண்டு மீன்தானே! வந்தவர்கள் சந்தோஷமாகப் போவார்கள், அப்புறம் நடப்பதை யார் பார்க்கப்போகிறார்கள்? எழில் பையைக் கையில் வாங்கினான். இரண்டு மீன்களும் அவன் விரலுக்குப் பக்கத்தில் வந்து வாயைத் திறந்து திறந்து மூடின.

"மன்னிச்சுக்குங்க," என்றான். "இந்தத் தண்ணி இன்னும் ஆகலைங்க. இப்ப உட்டா நீங்க போற வரைக்கும் நல்லா நீந்துமுங்க. நாலு நாள்ல போயிரும். உங்களுக்குக் காட்டோணும்னு மட்டும் என்னால உட முடியாதுங்க."

வேலன் டம்ளரைக் கீழே வைத்தார். செவ்வந்தி தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள், கரைந்துபோன செடிகளுக்கு அடியிலிருந்து புதுத் துளிர் வந்திருந்த இடத்தை. "அப்ப நாங்க போய்த் தகவல் சொல்லி உடறோமுங்க," என்று எல்லாரும் எழுந்தார்கள். அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று எழிலுக்குத் தெரியும். அதைக் கேட்டுக் கேட்டே நரைத்தவன் அல்லவா அவன்?

மாமா கோபித்துக்கொண்டு மீன் பையோடு கிளம்பினார். "பொண்ணு வேணுமா மீனு வேணுமான்னா மீனுங்கறான், இவன என்ன பண்றது!" போனவர் சும்மா இருந்தாரா? களத்துச் சிமெண்டுத் தொட்டியில் மீன்களை விட்டு, அவை துள்ளுவதை வீடியோ எடுத்து அனுப்பினார். பல வருஷமாகப் பாசியும் நல்ல கிருமியும் குடியேறிக் கிடக்கும் தொட்டி, அங்கே ஏன் சாகும்? அதை அவருக்கு யார் சொல்வது! எழில் போனைக் கட்டிலில் வீசினான்.

அந்த வாரம் முழுக்க வீட்டில் பேச்சில்லை. சோப்பு ஏறின பஞ்சைத் தூக்கிப்போட்டுவிட்டுப் புதுப் பஞ்சு வைத்துச் சோதித்தான். பச்சை. எல்லாம் மறுபடி முதலிலிருந்து. எட்டி உதைத்து உடைத்துவிடலாமா என்றிருந்தது. ஒருநாள் வேலை முடிந்து வந்தபோது அம்மா தீனி டப்பாவோடு தொட்டியின் முன்னால் நின்றுகொண்டிருந்தாள்.

"இத்தனூண்டு போட்டாப் போதுமா கண்ணு? எனக்கு என்ன தெரியும், அழுக்குன்னு நெனச்சுப்போட்டேன்." சொல்லும்போதே அழுதுவிட்டாள். அவன் அவள் கையைப் பிடித்து எவ்வளவு போட வேண்டும் என்று காட்டினான். திட்டினதற்கு வருத்தம் என்று வாய்விட்டுச் சொல்ல மட்டும் வரவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை செவ்வந்தி போன் செய்தாள்.

"எங்கப்பாவுக்கு உங்க மேல வருத்தமுங்க. தம் பேச்சுக்கு மதிப்பில்லாத எடம்னு சொல்லிட்டே இருந்தாரு. நான்தான் பேசினேன்."

"என்னன்னு பேசினீங்க?"

"எங்க மண்டியில எல்லாமே அவசரமுங்க. இன்னைக்குத் தள்ளி உடலைன்னா நாளைக்கு அழுகிப்போயிரும்பாங்க. எங்க ஊட்டுலயும் என்னைப் பத்தி அப்பிடித்தான் பேசறாங்க, எனக்குக் கேக்கறாப்பலயே." குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "ரெண்டு மீனுக்காக எங்கப்பா சொன்னதையே வேண்டாம்னீங்களே, அந்த ஊட்டுல என்னை யாரும் அவசரப்படுத்த மாட்டாங்கன்னு சொன்னேனுங்க. அப்பறந்தான் அவரு எறங்கி வந்தாரு."

எழில் போனைக் காதோடு அழுத்திக்கொண்டான்.

"மீனு உடற அன்னைக்கு எல்லாரும் வாரோம்னு சொல்லச் சொன்னாருங்க. அன்னைக்கே பேசி முடிச்சுக்கலாமாம். எப்பங்க உடுவீங்க?"

"இன்னும்... ஒரு மாசத்துக்கு மேல ஆவுமுங்க."

"ஆகட்டுங்க. ஆக்கப் பொறுத்தவங்களுக்கு ஆறப் பொறுக்காதுங்களா? நான் இருக்கேன்," என்று சிரித்தபடி வைத்தாள்.

ஒரு மாசம்! எழில் தொட்டியிடம் ஓடினான். தண்ணீரை எடுத்து மருந்தை ஊற்றிக் குலுக்கினான். பச்சை. குழாயைக் கழுவி இன்னொரு தடவை பார்த்தான். அதே பச்சை. இத்தனை நாள் ஊரே அவசரப்பட்டது, அவன் ஒருவன்தான் பொறுமையாக இருந்தான். இப்போது ஊர் பேசாமல் இருக்கிறது, அவனுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. சனியன் பிடித்த தண்ணி, என்னதான் பண்ணிக்கொண்டிருக்கிறது உள்ளே?

"ஏஞ்சாமி, இப்பத்தான பாத்தே?" என்று அம்மா அடுக்களையிலிருந்து வந்தாள். "பதறாத காரியம் சிதறாதுன்னு யாரோ சொன்னாங்களே, அது யாரு?"

அவனைக் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, தீனி டப்பாவைத் திறந்து துளி எடுத்துத் தண்ணீரில் போட்டாள்.