ரப்பர் மலையில் கேட்ட குரல்

நான் அஞ்சாம் வகுப்புதான் படித்தேன். எழுத்து கோணலாக இருக்கும், பாதி மறந்தும் போச்சு. மன்னிக்கணும்.

இன்றைக்கு மருமகள் ரப்பர் பால் வாடையோடு வேலையிலிருந்து வந்தாள். அந்த வாடை என்னை இலங்கையில் தெஹியோவிட்டப் பக்கத்தில் நாங்கள் இருந்த தோட்டத்துக்கே கொண்டுபோய்விட்டது.

எனக்குப் பத்து வயசிருக்கும். விடியற்காலைப் பனிமூட்டத்தில் அம்மாவோடு ரப்பர் மலையில் பால் பிடிக்க மரத்தில் கட்டும் சிரட்டைகளைத் துடைத்துக்கொண்டிருந்தேன். மரங்களுக்குள்ளிருந்து ஒரு குரல் என் பேரைச் சொல்லி "ஞானம்மா" என்றது. கொஞ்சம் பொறுத்து மறுபடியும் "ஞானம்மா" என்றது. நான் வாயைத் திறக்கவில்லை. பேய் இரண்டு தரந்தான் கூப்பிடும், மூன்றாம் தரத்துக்குத்தான் பதில் சொல்லணும் என்பது எங்கள் லயத்து வரிசை வீடுகளில் பழக்கம். மூன்றாம் தரம் அந்தக் குரல் வரவேயில்லை.

"யாரும்மா கூப்பிட்டது?"

"எனக்கு ஒண்ணும் கேக்கலியே. வேலைக்குக் கள்ளம் பண்ணாம சிரட்டைய தொடை."

அந்த ஞாயிற்றுக்கிழமை வேதக் கோயிலில் உபதேசியார் சொன்னார்: "ஆண்டவர் ஒவ்வொருத்தரையும் ஒரு வேலைக்காகப் பேர் சொல்லிக் கூப்பிடுவாருங்க." அன்றைக்கு ரப்பர் மலையில் கூப்பிட்டது பேயில்லை, அவர்தானோ என்று நினைத்தேன்.

கல்யாணம் கட்டி, ஆறு பிள்ளை பெற்று, புருஷனையும் அடக்கம் பண்ணியாச்சு. என்னை எந்த வேலைக்குக் கூப்பிட்டார் என்று இன்னும் தெரியாது.

வேதம் நன்றாக வாசிக்கத் தெரிந்தவர்கள் பார்த்துச் சொல்லுங்கள். பதில் சொல்லாத பிள்ளையை ஆண்டவர் திரும்பவும் கூப்பிட்டதாக எங்கேயாவது எழுதியிருக்கிறதா?