பச்சைப் புள்ளி வைத்த பெட்டி

பதினெட்டு நாளில் பதினோரு தடவை அந்த வேன் நடுரோட்டில் நின்றது. நின்ற இடம், நேரம், திரும்பக் கிளம்ப எத்தனை நிமிடம் ஆயிற்று, எல்லாம் என் நோட்டில் இருக்கிறது. "இதையெல்லாம் எழுதி என்ன மாமா பண்ணப் போறீங்க?" என்று மருமகள் கேட்டாள். வேனை ஓட்டுவது அவள்தான். காலை ஐந்தரைக்குக் கிளம்பி ஏழு இடத்தில் நின்று, பதினாலு கேன் பாலை ஏற்றிக்கொண்டு ஏழு மணிக்குள் பால் சங்கத்துக் குளிரூட்டும் நிலையத்தில் இறக்க வேண்டும். நான் பக்கத்தில் உட்கார்ந்து கேன்களை எண்ணுவேன். எண்ணச் சொல்லி யாரும் கேட்டதில்லை. ஆனால் எண்ணாமல் விட்டால் என்ன ஆகும் என்று முப்பத்திரண்டு வருஷம் கணக்கு வாத்தியாராக இருந்தவனுக்குத் தெரியும்.

கேரள எல்லையில் இருக்கிற கோவிந்தாபுரம் பக்கத்தில் வேன் ஓட்டுகிற பெண் அவள் ஒருத்திதான். இரண்டு ஆண்கள் கேட்ட ரூட்டை அவளுக்குக் கொடுத்தபோதே சங்கத்தில் முணுமுணுப்பு. இப்போது வண்டி நின்று நின்று இரண்டு நாள் பால் தாமதமாகிவிட்டது. மூன்றாவது தடவை தாமதமானால் ரூட் வேறு வண்டிக்கு என்று செக்ரட்டரி எழுத்திலேயே கொடுத்துவிட்டார். மகன் கோயம்புத்தூர் மில்லில் இருக்கிறான், வாரம் ஒரு நாள் வருவான். ரூட் போனால் அவள் மறுபடி வீட்டுக்குள்தான். அவள் எப்போதும்போல் ஐந்தரைக்கு வண்டியை எடுத்தாள். அது எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

வொர்க்‌ஷாப் எங்கள் ரோட்டிலேயே இருக்கிறது. மெக்கானிக் மலையாளி, நல்ல கைக்காரர் என்று பெயர். அந்த நல்ல கை பேட்டரி டெர்மினலை மாற்றியது, ஒரு ரிலேயை மாற்றியது, டீசல் ஃபில்டரை மாற்றியது, இரண்டு சென்சாரை மாற்றியது. ஐந்து சாமான். ஐந்தும் நன்றாக இருந்த சாமான்கள். நோய் இன்னதென்று தெரியாமல் மருந்து கொடுக்கிறவனை என்னவென்று சொல்வது? நான் சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே, "மாஷே, ஒண்ணு க்ஷமிக்கூ" என்றார். வாத்தியார் பொறுமையாக இருக்க வேண்டுமாம்.

கடைசியில் பொள்ளாச்சியிலிருந்து ஒரு எலக்ட்ரீஷியன் ஸ்கேனரோடு வந்தார். ஸ்டியரிங்குக்கு அடியில் அதைச் செருகினார். என்ஜின் ஓடும்போது ஸ்கேனரில் எழுத்து ஓடியது. வண்டி சூடாகி நின்றதும், தொடர்பு இல்லை என்று காட்டியது. இடது பக்க டேஷ்போர்டுக்கு அடியில் ஒரு தகரப்பெட்டி. ஈ.சி.எம். என்கிறார்கள். எவ்வளவு டீசல், எப்போது என்று என்ஜினுக்கு உத்தரவு போடுவது அதுதானாம். அதற்குக் கரண்ட் ஒழுங்காக வருகிறதா, எர்த் சரியாக இருக்கிறதா என்று மீட்டர் வைத்துப் பார்த்தார். வந்தது, இருந்தது. பிறகு எழுந்து பக்கத்து பியூட்டி பார்லருக்குப் போய், தலைமுடி காயவைக்கிற மெஷினை வாங்கிக்கொண்டு வந்தார்.

"பெட்டியைக் கொஞ்சம் காய வெக்கலாமுங்க சார்."

ஓடுகிற என்ஜின். பெட்டியின் மேல் சூடான காற்று. நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்றரை நிமிடத்தில் என்ஜின் பொசுக்கென்று நின்றது. பெட்டி ஆறினதும் சாவி போட்டால் உடனே கிளம்பியது. மறுபடி சூடு, மறுபடி நின்றது.

"ஆளு இங்கதானுங்க ஒளிஞ்சிட்டிருக்கான்" என்றார்.

பதினெட்டு நாளில் யாருக்கும் தோன்றாதது பார்லர் மெஷினால் தெரிந்தது. மெக்கானிக்கைப் பார்த்தேன். அவர் கம்ப்ரஸரைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

எலக்ட்ரீஷியன் பழைய பெட்டியைக் கழற்றிக் கொண்டுபோனார். அதே நம்பரில் வேறு பெட்டி தேடி, பழையதில் இருந்த விவரத்தை அதில் ஏற்றினால்தான் வண்டி சாவியை ஏற்றுக்கொள்ளுமாம். இரண்டு நாள் பாலுக்குப் பக்கத்து ஊர் வண்டியைக் கெஞ்சிக் கேட்டு வாங்கினாள் மருமகள். மூன்றாம் நாள் எலக்ட்ரீஷியன் பஸ் கண்டக்டரிடம் ஒரு மஞ்சள் பையைக் கொடுத்தனுப்பினார். உள்ளே இரண்டு பெட்டியும் இருந்தன. அச்சு அசல் ஒரே மாதிரி. வொர்க்‌ஷாப்பில் நின்று அவருக்கு போன் போட்டேன்.

"புதுசுல பச்சைப் புள்ளி வெச்சிருக்கேனுங்க சார். அதை மாட்டி வெக்கச் சொல்லுங்க. பழசு உங்ககிட்டயே இருக்கட்டும்."

நான் மெக்கானிக்கிடம் திரும்பி, கம்ப்ரஸர் சத்தத்துக்கு மேல் என் மலையாளத்தில் கத்தினேன். "பச்சைப் புள்ளி உள்ளது மாட்டி வெக்கணும்!"

"மாட்டி வெக்கணோ?"

"ஆ, மாட்டி வெக்கணும்!"

அவர் தலையாட்டினார். நான் வீட்டுக்குப் போனேன். சாயங்காலம் வண்டி வந்தது, நன்றாக ஓடியது. இரண்டு நாள் ஓடியது. மூன்றாம் நாள் காலை ஆறே காலுக்கு, பதினாலு கேனும் ஏற்றிய பிறகு, மாந்தோப்பு வளைவில் நின்றது.

மருமகள் ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்தாள். பிறகு இறங்கி ரோட்டின் நடுவில் போய் நின்றாள். காலித் தொட்டிகளோடு திரும்பி வந்த ஒரு கள்ளு ஜீப் நின்றது. டிரைவரும் அவளும் கேன்களைத் தூக்கி ஏற்றினார்கள். நான் குனிந்து டேஷ்போர்டுக்கு அடியில் டார்ச் அடித்துப் பார்த்தேன். பெட்டியின் ஆறு பக்கத்தில் எனக்குத் தெரிந்தது நான்கு. ஒன்றிலும் பச்சைப் புள்ளி இல்லை.

பால் நாற்பது நிமிடம் தாமதம். இரண்டு கேன் திரிந்துவிட்டது. செக்ரட்டரி கேனை முகர்ந்து பார்த்து, "இது பால் வண்டியா, கள்ளு வண்டியா?" என்று அத்தனை பேர் முன்னால் கேட்டாராம். அவள் வந்து சொன்னாள். நான் அங்கே இல்லை. நான் வொர்க்‌ஷாப்பில் இருந்தேன்.

மெக்கானிக் புதுப் பெட்டியை அமுக்கிவிட்டு வேறு யாருக்கோ விற்றுவிட்டார் என்றுதான் நினைத்தேன். நினைத்ததை வாசலிலேயே நின்று சொன்னேன். திருடன் என்றேன். நாலு பேர் கூடிவிட்டார்கள். அவர் உள்ளே போய், அலமாரி மேல்தட்டிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து வந்தார். பிளாஸ்டிக் கவர், அதற்குள் செய்தித்தாள், அதற்குள் பச்சைப் புள்ளி.

"மாஷ் தன்னெயல்லே பறஞ்ஞது, மாட்டி வெக்கான்? ஞான் மாட்டி வெச்சு."

நான்தானே சொன்னேனாம், சொன்னபடியே வைத்தாராம். அப்போதுதான் எனக்கு உறைத்தது. நாம் மாட்டி வை என்றால் பொருத்து என்று அர்த்தம். மலையாளத்தில் அவர்கள் அப்படிச் சொன்னால், எடுத்துத் தனியாக வை என்று அர்த்தம். நம் மாற்றி என்கிற சொல்தான் அவர்கள் வாயில் அப்படி ஒலிக்கிறது. பச்சைப் புள்ளி கெட்டதுக்கு வைத்த அடையாளம், மற்றதைப் பழுது பார்த்து அனுப்பியிருக்கிறார்கள் என்று அவர் எடுத்துக்கொண்டார். எழுபத்தொரு வருஷமாக இரண்டு பாஷையும் காதில் விழுகிற ஊரில் இருக்கிறேன். எனக்குத் தெரியாத சொல் இல்லை. அவருக்காவது தோன்ற வேண்டாமா, புதிதாக வந்த சாமானை யாராவது அலமாரியில் வைக்கச் சொல்வார்களா என்று? இதை அவரிடமே கேட்டேன். திருடன் என்றதைப் பற்றி அவர் கேட்டார். வண்டி மாந்தோப்பு வளைவில் நிற்கிறது என்றேன்.

வண்டியைக் கொண்டுவந்ததும் பேட்டரி ஒயரைக் கழற்றி, இரண்டு பிளக், நான்கு போல்ட், பச்சைப் புள்ளி உள்ளே போனது. இருபது நிமிட வேலை. பார்லர் மெஷினைக் கால் மணி நேரம் பிடித்தும் என்ஜின் நிற்கவில்லை.

வீட்டுக்கு வந்து சங்கத்துக்கு ஒரு கடிதம் எழுதினேன். இரண்டு பக்கம், ஒன்பது குற்றச்சாட்டு, ஒன்பதும் வொர்க்‌ஷாப் மேல். மருமகள் நின்றுகொண்டே படித்தாள்.

"பொய் எழுதாதீங்க மாமா. நீங்களே வந்து சொல்லுங்க. அந்த வார்த்தை உங்க வாயிலிருந்துதானுங்களே வந்துச்சு?"

"கம்ப்ரஸர் சத்தம்."

"அதையும் சொல்லுங்க."

கமிட்டியில் ஐந்து பேர். மூன்று பேர் மலையாளி, இரண்டு பேர் நம்மவர்கள். மருமகள் சுவரோரமாக நின்றாள், உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. நான் நடந்ததைச் சொன்னேன். மாட்டி வை என்ற இடம் வந்ததும் ஐந்து பேரும் சிரித்தார்கள். திரிந்த பால் போட்ட வீட்டுக்காரர்கள் சிரிப்பார்களா என்று கேட்டேன். சிரிப்பு நின்றது. செக்ரட்டரி மட்டும், விதி விதிதானே, மூன்று தடவை ஆகிவிட்டதே என்றார். பிரசிடென்ட் அம்மா மருமகளைப் பார்த்து, நடுரோட்டில் ஜீப்பை நிறுத்திப் பன்னிரண்டு கேனைக் காப்பாற்றியது யார் என்று கேட்டார். பிறகு செக்ரட்டரியிடம் சொன்னார்:

"வண்டி ஓடட்டே. மாஷினெ மாட்டி வெச்சா மதி."

வாத்தியாரை எடுத்துத் தனியாக வைத்தால் போதுமாம். மறுபடி சிரிப்பு. இந்தத் தடவை மருமகளும் சிரித்தாள். அதை நான் பார்த்தேன். ரூட் அவளுக்கே என்று எழுதினார்கள். பால் வண்டியில் டிரைவரைத் தவிர வேறு ஆள் ஏறக்கூடாது என்றும் எழுதினார்கள். அப்படி ஒரு விதி அந்தச் சங்கத்தில் அதுவரை கிடையாது.

மறுநாள் ஐந்தரைக்கு அவள் தனியாகக் கிளம்பினாள். ஏழு மணிக்கு நிலையத்துக்கு போன் போட்டுக் கேட்டேன். ஆறு நாற்பத்தொன்றுக்கே இறக்கிவிட்டுப் போய்விட்டாளாம். நான் கூடப் போன நாட்களில் ஒரு நாள்கூட ஆறு நாற்பத்தைந்துக்கு முன்னால் அந்த வண்டி போய்ச் சேர்ந்ததில்லை.