தண்ணீர் குதிக்காத பெட்டி

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். மணிமொழி இருபத்திரண்டு வருஷமாக வாயால்தான் பிழைத்தாள். ரிஷிவந்தியம் பக்கத்தில் கூலி வேலைக்குப் போகிற குடும்பம். சாதாரண நாளில் களை எடுக்கப் போவாள், மரவள்ளி பிடுங்கப் போவாள். முகூர்த்த நாள் வந்தால், தூரத்திலிருந்து பார்த்தால் பட்டு மாதிரி தெரிகிற ஒரு புடவையைக் கட்டிக்கொண்டு மேடையேறிவிடுவாள். குழுவில் நாலே பேர். கீபோர்டு வாசிக்கிற தெய்வசிகாமணி தலைவர். டோலக்குக்கு முனியன். டிரம்ஸுக்குப் பதிலாக எலக்ட்ரானிக் பேடு அடிக்கிற அஜித் எல்லாரையும்விட இளையவன், போன வருஷம்தான் கல்யாணமானவன். பாட்டுக்கு மணிமொழி. ஆண்குரல் வேண்டுமென்றால் தெய்வசிகாமணியே பாடுவார். அதை ஒருதரம் கேட்டவர்கள், அம்மாவையே பாடச் சொல்லுங்கள் என்று சொல்லிவிடுவார்கள்.

காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கல்யாணம் என்று களமருதூரிலிருந்து கரியாலூர் வரைக்கும் அவள் குரல் போகாத ஊர் கிடையாது. அந்தக் குரல்தான் இப்போது தேய்ந்துபோயிருந்தது. தை மாதத்திலிருந்தே காலையில் எழுந்தால் பேச்சு வர பத்து நிமிஷம் ஆனது. ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா தொண்டைக்குள் குழாய் விட்டுப் பார்த்துவிட்டு, குரல் நரம்பில் தடிப்பு விழுந்திருக்கிறது, கத்திப் பாடினால் ஒருநாள் மொத்தமாகப் போய்விடும் என்றார். மெதுவாகப் பாடலாமா என்று இவள் கேட்டாள். பாடலாம், உன் குரல் உனக்குக் கேட்கிற மாதிரி நின்று பாடு என்றார்.

சொல்வது சுலபம். மேடையில் ஸ்பீக்கர் பெட்டிகள் எல்லாம் ஜனங்களைப் பார்த்துதான் நிற்கும். பின்னால் நிற்கிறவளுக்குக் கேட்பது அஜித்தின் பேடு மட்டும். தன் குரல் தனக்கே கேட்காதவள் கத்தாமல் என்ன செய்வாள்?

டாக்டர் சொன்னதை அவள் குழுவில் யாரிடமும் சொல்லவில்லை. அஜித்தின் போனில் பாடகிகள் ஆயிரம் பேர் இருந்தார்கள். பொத்தானை அமுக்கினால் அலுக்காமல் பாடுவார்கள், தொண்டை கட்டாது, பஸ் காசு கேட்க மாட்டார்கள். தனக்குப் பதில் அந்தப் போனை மைக் முன்னால் வைத்துவிடுவார்களோ என்று மணிமொழிக்குப் பயமாக இருந்தது.

அப்போதுதான் கரியாலூருக்கு அப்பால் மலையில் ஒரு கல்யாணம் வந்தது. வேன் பாதிவரைதான் போகும், மிச்சம் அரைமணி நேர நடை. வழக்கமாக வருகிற சவுண்டு செட்டுக்காரர், தலைச்சுமையாகத் தூக்கிக்கொண்டு மலையேற நான் என்ன பைத்தியமா என்று ஒதுங்கிக்கொண்டார். ஆகவே ஒரு ஆள் தூக்குகிற மாதிரி, சார்ஜில் ஓடுகிற சொந்தப் பெட்டி ஒன்று வாங்கிவிடுவது என்று நாலு பேரும் கள்ளக்குறிச்சிக்கு வந்தார்கள்.

கச்சிராயபாளையம் ரோட்டில் தனசேகரன் கடை. அந்தப் பக்கத்தில் பெட்டி பார்ப்பதற்கு ஒரு முறை உண்டு. பெட்டி மேல் ஒரு டம்ளர் தண்ணீரை வைப்பார்கள். போனில் ஒரு குத்துப் பாட்டைப் போடுவார்கள். தண்ணீர் எவ்வளவு குதிக்கிறதோ அவ்வளவு நல்ல பெட்டி. தனசேகரன் சக்கரம் வைத்த பெரிய பெட்டி ஒன்றை உருட்டி வந்தார். முகப்பில் கலர் லைட் வேறு. அஜித் பாட்டைப் போட்டதும் டம்ளர்த் தண்ணீரில் பாதி தரையில் இருந்தது. தெய்வசிகாமணிக்கு முகமெல்லாம் பல். தூக்கப் போகிற முனியன் மட்டும் பெட்டியை ஒருதரம் அசைத்துப் பார்த்துவிட்டு, மலையில் சக்கரம் எங்கே உருளும் என்று முனகினார். அவர் பேச்சை யாரும் காதில் வாங்கவில்லை.

தும்பை விட்டு வாலைப் பிடிப்பது என்றால் இதுதான். ஒரு பாட்டுக்காரிக்குப் பெட்டி வாங்க வந்தவர்களில் ஒருத்தர்கூட மைக்கை எடுக்கவில்லை. மணிமொழிக்கும் வாய் வரவில்லை. மைக் கேட்டால் பாட வேண்டும். பாடினால் தெரிந்துவிடும். அதற்குள் தனசேகரன் அட்டைப்பெட்டியை எடுக்கப் போனார். இதைக் கட்டிவிட்டால் மலையிலும் கத்தித்தான் ஆக வேண்டும்.

"ண்ணா," என்றாள் தெய்வசிகாமணியிடம், "மைக்கு போட்டு ஒருவாட்டி பாத்துடலாமே."

பெரிய பெட்டியில் இரண்டு வரி பாடினாள். எக்கோவும் பேஸும் சேர்ந்து குரலைப் போர்த்திக்கொண்டன. கடை வாசலில் நின்றவர்கள்கூடத் தலையாட்டினார்கள். ஆனால் பெட்டிக்குப் பின்னால் நின்றவளுக்குத் தன் குரல் கேட்கவேயில்லை, இரண்டாவது வரியிலேயே தன்னையறியாமல் கத்தினாள். மூலையில் ஒல்லியாக, கம்பம் மாதிரி இன்னொரு பெட்டி நின்றது. லைட் இல்லை, கனம் இல்லை. டம்ளரை வைத்தால் தண்ணீர் அசையாது என்று தனசேகரனே சொன்னார். அதைப் பாடுகிறவருக்குப் பக்கத்திலேயே நிறுத்திக்கொள்ளலாமாம், ஜனத்துக்கும் கேட்கும், பாடுகிறவருக்கும் கேட்குமாம். மணிமொழி அதே வரியை அதில் மெதுவாகப் பாடினாள்.

ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாகக் கேட்டது. கூடவே, சோற்றில் கல் கடிபடுகிற மாதிரி, குரலின் கரகரப்பும் கேட்டது. முனியன் நிமிர்ந்து பார்த்தார். அஜித் போனைப் பையில் வைத்துக்கொண்டான்.

"எத்தினி நாளா?" என்று கேட்டார் தெய்வசிகாமணி.

"தையிலேர்ந்து. கத்தக் கூடாதுன்னு சொல்லிட்டாங்க."

"இன்னாத்துக்குச் சொல்லல?"

"சொன்னா போன்ல பாட்டப் போட்டுக்கினு போயிடுவீங்கன்னுதான்."

அஜித் தலையைக் குனிந்துகொண்டான். பிறகு நல்லெண்ணத்தோடுதான் சொன்னான். "பெருசையே எடுத்துக்கலாங்க்கா. எக்கோ ஜாஸ்தி வெச்சா ஒண்ணுந் தெரியாது."

அவன் சொன்னது உண்மை. ஒரு நிமிஷம் அவளுக்கும் அந்த ஆசை வந்தது. போர்த்திக்கொண்டு, இருக்கிறவரை கத்திவிட்டு, போகிறபோது போகட்டும் என்றிருந்தது. நாலு பேர் முன்னால் இப்படி நிற்பது வெட்கமாக இருந்தது. வெட்கத்தைவிட அசதிதான் பெரிதாக இருந்தது. எங்கேயாவது உட்கார்ந்தால் போதும் போலிருந்தது.

"எக்கோ வெச்சா உங்களுக்குத் தெரியாதுப்பா. எனக்கும் கேக்காது. கேக்கலன்னா கத்துவேன். கத்துனா ஆடிக்குள்ள ஒண்ணுமே இருக்காது. சின்னத எடுங்க. கரகரன்னு கேட்டா கேக்கட்டும்."

தெய்வசிகாமணி டம்ளரில் மிச்சமிருந்த தண்ணீரை எடுத்துக் குடித்துவிட்டு, சின்னதைக் கட்டச் சொன்னார்.

கல்யாணத்தன்று முனியன் துண்டைச் சும்மாடாகச் சுருட்டி, பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு மலையேறினார். தாலி கட்டி முடிந்ததும் பதினோரு மணிக்குப் பந்தலில் கச்சேரி. தெய்வசிகாமணி யாரையும் கேட்காமல், அவள் எட்டிப் பாட வேண்டாதபடி, கீபோர்டில் சுதியை இரண்டு கட்டை இறக்கிவைத்தார். பெட்டி மணிமொழிக்குப் பக்கத்தில், ஒரு எட்டு பின்னால் நின்றது. முதல் பாட்டு விநாயகருக்கு. பாட ஆரம்பித்ததும் இருபத்திரண்டு வருஷத்தில் முதல்முறையாக மேடையில் தன் குரலைக் கேட்டாள். அவளுக்கு அது பிடிக்கவில்லை. இவ்வளவு வயசாகிவிட்டதா நமக்கு என்று இருந்தது. ஆனால் தொண்டை வலிக்கவில்லை.

மூன்றாவது பாட்டின் நடுவில் பின்வரிசையில் மாப்பிள்ளையின் மாமா எழுந்து நின்று, சத்தமே பத்தவில்லை என்று கையை உயர்த்தினார். எந்த ஊர்ப் பந்தலிலும் இந்தப் பேச்சு வந்தால் மூன்று பேரும் திரும்பி மணிமொழியைத்தான் பார்ப்பார்கள். அவளும் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு ஏற்றிப் பாடுவாள். இன்றைக்கும் பழக்கத்தில் மூச்சை இழுத்துவிட்டாள்.

யாரும் அவளைப் பார்க்கவில்லை. மூன்று பேரும் பெட்டியைப் பார்த்தார்கள். அஜித் ஒரு கையால் பேடை அடித்துக்கொண்டே இன்னொரு கையை நீட்டிப் பெட்டியின் வால்யூம் குமிழைக் கொஞ்சம் திருப்பினான். பெட்டி லேசாகக் கூவியது, ஒரு பொட்டுக் குறைத்தான், அடங்கியது. மாமா உட்கார்ந்துவிட்டார்.

இழுத்த மூச்சை அப்படியே விட்டுவிட்டு, அடுத்த வரியை அதே மெதுவில் எடுத்தாள் மணிமொழி. இன்னும் பதினோரு பாட்டு பாக்கி இருந்தது.